முதல் ஊசி யாருக்கு?

அத்தியாயம் பதினான்கு

தவளையின் தொடை துள்ளியது.

சீதா பாட்டரிக் கம்பியை எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் நரம்பைத் தொட்டாள். பலகையில் குத்தி நிறுத்தியிருந்த அந்தச் சின்னஞ்சிறு தொடை மறுபடியும் துள்ளியது.

"நானா! மேசையை இடிச்சீங்களா?"

"நான் மூச்சுகூட விடலை, டாக்டர்!" என்றார், அவள் 'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் மருந்துக்கடைக்காரர் ஷரீஃபுதீன். கண்ணாடிக் குழாயைப் பிடித்தபடி குனிந்தார். "இன்னொரு தடவை தொடுங்க."

தொட்டாள். துள்ளியது.

"இன்னொரு தவளை!" என்றாள் சீதா.

இரண்டாவது தவளைத் தொடைக்கும் அதே வைத்தியம். முதலில், ஆபரேஷன் சமயத்தில் நோயாளியின் தசைகளைத் தளர வைக்கப் போடுகிற மருந்து. அதைப் போட்டதும் தொடை செத்துக் கிடந்தது. கம்பியால் தொட்டாலும் அசைவில்லை. அப்புறம் ஷரீஃபுதீன் வடித்தெடுத்த மூன்றாம் குப்பியிலிருந்து ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கம்பியை வைத்தாள்.

துள்ளியது பாருங்கள்!

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று ஷரீஃபுதீன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சீதாவுக்கு உட்காரத் தோன்றவில்லை. காஜா பேராங் சாலை மருந்துக்கடையின் அந்தப் பின்னறையில், மலாக்கா பெரியாஸ்பத்திரியின் இளம் டாக்டரம்மா, இருபத்தொன்பது வயதுப் பெண், சின்னக் குழந்தை மாதிரி குதித்தாள்.

அவள் குதித்ததில் தப்பே இல்லை. எட்டு மாதமாக இருவரும் காத்துக் கிடந்தது இந்த ஒரு துள்ளலுக்காகத்தான்.

சீதாவின் அப்பா கலியாணசுந்தரம் தண்ணீர் சப்ளையில் குழாய் இன்ஸ்பெக்டராக இருந்தவர். மலாக்கா டவுனுக்கு அடியில் ஓடுகிற குழாய்கள் அத்தனையும் மனப்பாடமாக வைத்திருந்த மனிதர். ஐம்பத்து நாலு வயதில், வீட்டுக் குளியலறையில் குழாயின் முன்னால் நின்றுகொண்டு, எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் விழிக்கிறார். பெற்ற மகளை 'மிஸ்ஸி' என்று, யாரோ ஒரு நர்ஸைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுகிறார். சிலர் இதைப் பைத்தியம் என்றார்கள், சிலர் செய்வினை என்றார்கள். படித்த டாக்டர்களோ வயதானால் வருகிற மறதி என்று கையை விரித்தார்கள். ஐம்பத்து நாலு ஒரு வயதா?

சீதாவுக்கு ஒரு யோசனை. நரம்பிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோகிற சத்து ஒன்று உண்டு. அதே சத்து மூளைக்குள்ளேயும் சேதி கொண்டுபோகிறதோ? அப்பாவுக்கு அது வற்றிக்கொண்டே வருகிறதோ? இருக்கிற கொஞ்சத்தையாவது சீக்கிரம் அழிந்துபோகாமல் காப்பாற்றினால்?

அப்படிக் காப்பாற்றுகிற மருந்து ஒன்றை, இளம்பிள்ளை வாதத்தில் முடங்கிய கால்களுக்காக, இரும்புத் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நாட்டில் கிழங்கிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று படித்தாள். எழுதிக் கேட்டாள். பார்சலும் வந்தது. ஆனால் வந்தது அவள் கைக்கு அல்ல. கம்யூனிஸ்ட் நாட்டிலிருந்து பார்சல் என்றால், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலச் சட்டம் அமலில் இருக்கிற மலாயாவில் விடுவார்களா? ரகசியப் போலீஸ் அதை எடுத்து வைத்துக்கொண்டு, 'அங்கே உனக்கு யாரைத் தெரியும்?' என்று அவளை ஒரு முழு நாள் குடைந்தெடுத்தது.

அன்றைக்குத்தான் ஷரீஃபுதீன் சொன்னார்: "அந்தக் கிழங்கு இங்கே வராட்டி என்ன? அதோட சொந்தக்காரச் செடி நம்ம ஊர்லயே கிடக்குதே!"

பாக்கோங் என்று மலாய்க்காரர்களும், விஷமூங்கில் என்று நம்மவர்களும் சொல்கிற வெள்ளைப்பூச் செடி. கம்போங் செட்டிக் குடியிருப்புக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாக மண்டிக் கிடக்கிறது. பேரிலேயே விஷம். அந்த விஷத்தைப் பிரித்து, வேண்டியதை மட்டும் வடிக்கத்தான் இத்தனை மாதம். வடிக்க சாராயச் சத்து வேண்டும். அரசாங்கத்திடம் கூடுதலாகக் கேட்டதற்கு 'சுதந்திரத்துக்கு அப்புறம் பார்க்கலாம்' என்று பதில். சளி மருந்துக்காக அளந்து கொடுத்ததில்தான் ஷரீஃபுதீன் மிச்சம் பிடித்தார்.

"எவ்வளவு தேறும், நானா?"

அவர் மூன்றாம் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஒரு ஆளுக்கு ஒரு வாரம் தாராளமா வரும். அடுத்த கொதிப்பும் தயார். ஜும்மாத் தொழுகை முடிஞ்சு வந்து வடிச்சிடுவேன். நீங்க அதுக்குள்ள உங்க வெள்ளைக்காரப் பெரிய டாக்டரைப் பிடிங்க. இன்னிக்கு விட்டா..."

சொல்லி முடிக்கவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. நாளை பொழுது விடிந்தால் மெர்டேக்கா, மலாயாவுக்குச் சுதந்திரம். வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு இன்று கடைசி நாள்.

சீதா குப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.

*

சாலை முழுக்கத் தோரணம். முச்சந்தியில் ஏணி மேல் நின்றுகொண்டு மூங்கில் வளைவில் கலர் பல்ப் கட்டிக்கொண்டிருந்தான் தியாகு, சீதாவின் அண்ணன். பஸ் கம்பெனி பட்டறையில் ஃபிட்டர். அலங்காரக் கமிட்டியில் அவன் இல்லாமல் ஆணி ஏறாது.

"அண்ணே! துள்ளிடுச்சு!"

"என்ன துள்ளிச்சு? பசியாறினியா நீ? காலையில கோப்பிகூடக் குடிக்காம ஓடினேன்னு அம்மா திட்டுது."

"தவளை, அண்ணே! மருந்து வேலை செய்யுது!"

தியாகு மெதுவாக இறங்கி வந்தான். முகத்தில் சிரிப்பில்லை. "தவளைக்கு வேலை செஞ்சா? அப்பா என்ன தவளையா? அது விஷக் கிழங்கு, சீதா. அவரு நம்மளை மறந்தாலும் உயிரோடதான் இருக்காரு. அதையும் கெடுத்துடாதே."

"அதுக்குத்தான் ஆஸ்பத்திரியில வச்சுப் போடணும்கறேன். ஆக்சிஜன், விஷத்தை முறிக்கிற மாற்று மருந்து எல்லாம் பக்கத்துல இருக்கும். பெரிய டாக்டர் பெல்லமி கையெழுத்துப் போடணும். இன்னிக்கே."

"போடமாட்டாரு."

"அப்ப நீயும் வந்து அதைப் பாரு."

கையிலிருந்த பல்பைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, தியாகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். "தள்ளு. நான் மிதிக்கிறேன். நீ பின்னால உட்காரு."

*

பெரிய டாக்டர் பெல்லமியின் அறை பாதிக்கு மேல் மரப்பெட்டிகளுக்குள் போயிருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு, புத்தகங்களைத் தானே அடுக்கிக்கொண்டிருந்தார்.

சீதா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தவளையைப் பற்றிச் சொன்னபோது அவருடைய கண்கள் மின்னியதை சீதா கவனித்தாள். ஆனால் தலை மட்டும் மறுத்தது.

"டாக்டர் சீதா, கடைசி நாளில் எந்த அதிகாரியும் புதிதாக எதையும் தொடங்கமாட்டான். உங்கள் அப்பாவுக்கு ஏதாவது ஆனால் என்ன பேசுவார்கள்? போகிற போக்கில் வெள்ளைக்காரன் ஒரு நோயாளியைக் கொன்றுவிட்டுப் போனான் என்பார்கள். எனக்குப் பிறகு வருகிறவரைக் கேளுங்கள்."

"கேட்டேன், சார். காசநோய் இருக்கிறது, மலேரியா இருக்கிறது, பிரசவத்தில் பெண்கள் சாகிறார்கள், புது நாட்டுக்குக் கிழவர்களின் மறதி ஒரு வியாதியா என்றார்."

"அவர் சொல்வதில் தவறில்லையே?"

"தவறு என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள். ஒருவரைக் காவல் காக்க என் அம்மா வாசலைத் தாண்டுவதில்லை. அண்ணன் வாரத்தில் பாதி நாள் வேலைக்குப் போவதில்லை. ஒருவருடைய மறதி மூன்று பேரைப் படுக்க வைக்கிறது. இது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை, அவ்வளவுதான். நீங்கள் அவரைக் காட்டுகிறீர்கள், அவர் மற்ற வியாதிகளைக் காட்டுகிறார். நடுவில் என் அப்பா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறார்."

பெல்லமி கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தார். "ஒரே ஒரு மனித உடம்பில்கூட ஏறாத மருந்து இது. அதை நோயாளிக்குப் போட அனுமதிக்கமாட்டேன். என்னால் முடியாது."

"ஆரோக்கியமான உடம்பில் ஏற்றிக் காட்டினால்?"

பெல்லமி பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"எனக்கே போட்டுக்கொள்கிறேன். இங்கே, உங்கள் முன்னால்."

"துவான், ஐயா!" கதவருகிலிருந்து குரல் வந்தது. தியாகு இதுவரை அங்கே நின்றுகொண்டிருந்ததையே இருவரும் மறந்திருந்தார்கள். உடைந்த ஆங்கிலத்தில், ஆனால் உடையாத குரலில் பேசினான். "அவ டாக்டர். அவளே மயங்கி விழுந்தா யாரு பார்க்கிறது? எனக்குப் போடச் சொல்லுங்க. நான் அந்த அப்பாவுக்குப் பிறந்தவன். அவரு ரத்தம்தான் எனக்கும்."

"அண்ணே, சும்மா இரு!"

"காலையில அப்பா தவளையான்னு கேட்டேனில்ல?" தமிழுக்குத் திரும்பிவிட்டான் தியாகு. "அப்பா வேணாம். நான்தான் தவளை. எழுதிக்கோ."

இத்தனை மாதம் இந்த மருந்தின் பேச்சை எடுத்தாலே எழுந்து போனவன் இவன்!

பெல்லமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழ் தெரியாத அந்த மனிதருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஓரத்து வார்டில் கடைசிப் படுக்கை காலியாக இருக்கிறது. அங்கே போவோம்."

*

ஊசி இறங்கி ஐந்து நிமிஷத்தில் தியாகுவுக்கு வியர்த்தது.

சீதா அவன் மணிக்கட்டை விடவில்லை. மறுபக்கம் மிஸ்ஸி சந்திரமதி மாற்று மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு நின்றாள். கால்மாட்டில் கைக்கடிகாரத்தோடு பெல்லமி.

"என்ன செய்யுது, அண்ணே?"

"வாயெல்லாம் எச்சில் ஊறுது. நாசி லெமாக் சோத்துக் கடை முன்னால நிக்கிற மாதிரி இருக்கு."

மிஸ்ஸி சந்திரமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீதாவுக்கு வரவில்லை. விரலுக்கு அடியில் நாடி தளர்ந்துகொண்டே போனது.

"குறைகிறது," என்றார் பெல்லமி. "மாற்று மருந்தைப் போடுங்கள்."

போட்டால் தியாகுவுக்கு ஆபத்தில்லை. ஆனால் சோதனை அத்தோடு முடிந்துவிடும். மருந்து தானாக அடங்குமா என்பது தெரியாமலே போகும். தெரியாத மருந்தை அப்பாவுக்குப் போட முடியாது. போடாமல் விட்டால், படுத்திருப்பது அண்ணன்.

"கண்ணைத் திற, அண்ணே. என்னைப் பாரு. மூச்சு முட்டுதா?"

"இல்லை. வயிறுதான் பிசையுது."

"நல்லா இழுத்து விடு."

அவன் மார்பு ஏறி இறங்கியது. தங்கு தடையில்லாமல் இறங்கியது.

"டாக்டர் சீதா!" என்றார் பெல்லமி, கொஞ்சம் உரக்க.

"மூச்சு சரியாக இருக்கிறது, சார். ஒரே ஒரு நிமிஷம்."

அந்த ஒரு நிமிஷம் எப்படிப் போனது என்று சீதாவைக் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. நாடி அதற்கு மேல் இறங்கவில்லை. அப்படியே நின்றது. பிறகு, சோம்பேறி மாடு எழுந்திருப்பதுபோல, மெல்ல மெல்ல ஏற ஆரம்பித்தது.

"ஏறுது," என்றாள். "ஏறுது! ஏறுது, சார்!"

கொஞ்ச நேரத்தில் தியாகு எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றான். பெல்லமி அவன் நாக்கை, கண்ணை, நெஞ்சை எல்லாம் தானே பார்த்தார். பிறகு மிஸ்ஸி சந்திரமதியிடம் ஒரு தாள் வாங்கி, நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு நோயாளி. ஒரு படுக்கை. ஒரு வாரம். அளவு, இவருக்குப் போட்டதில் பாதி." தாளை நீட்டியவர், சீதா அதை வாங்கும்போது விடாமல் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு இந்தக் கையெழுத்தை மதிப்பார்களா, தெரியாது. இன்று மாலைவரை மதித்தாக வேண்டும். போங்கள்!"

*

சீதா வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா பொன்னம்மா அடுப்படியில் இருந்தாள். கணவரைப் பக்கத்திலேயே மேசையில் உட்கார வைத்து, முன்னால் ஒரு தட்டு நிறையப் பயற்றங்காய் வைத்திருந்தாள். அவர் ஒவ்வொன்றாக நறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். கைக்கு வேலை இருந்தால் வாசலுக்கு ஓடமாட்டார்.

சீதா நடந்ததைச் சொன்னாள். பொன்னம்மாவின் கரண்டி நின்றது.

"தியாகுவுக்கா போட்டே? ரெண்டு பேரும் சேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா விட்டிருக்கமாட்டே, அம்மா."

"விட்டிருக்கமாட்டேன்தான்!" பொன்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்லாயிருக்கானா?"

"மிஸ்ஸிகிட்ட ரெண்டாவது தட்டு சோறு கேட்டுக்கிட்டு இருக்கான்."

பொன்னம்மா அடுப்பை அணைத்தாள். "அப்பாவுக்குப் போடணும்னா அவரைக் கேளு. என்னைக் கேக்காதே. அவரைச் சின்னப்பிள்ளை மாதிரி நான் வச்சிருக்கேன், நிஜந்தான். ஆனா அவரு சின்னப்பிள்ளை இல்லே."

சீதா அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்களுக்கு ஞாபகம் தப்பிப்போகுதில்ல?"

அவர் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். இப்படி நேராக யாரும் அவரிடம் கேட்டு ரொம்ப நாளாயிற்று. "ஆமாம், மிஸ்ஸி. எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கு. எங்கேன்னுதான் தெரியலை."

"அதுக்கு ஒரு மருந்து செஞ்சிருக்கோம். புது மருந்து. நோயாளிங்கள்ல உங்களுக்குத்தான் முதல்ல. வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். உடம்புக்குக் கெடுதல்கூட வரலாம். நான் பக்கத்துலயே இருப்பேன்."

கலியாணசுந்தரம் யோசித்தார். அந்த நெற்றிச் சுருக்கத்தில் பழைய இன்ஸ்பெக்டர் தெரிந்தார்.

"வேலை செய்யலேன்னா மறைக்காம சொல்லிடுவீங்களா?"

"சொல்லுவேன்."

"எனக்குச் சொல்லிப் பிரயோஜனம் இல்லே. நான் மறந்துடுவேன்." கையை நீட்டி, அடுப்படிப் பக்கம் காட்டினார். "அதோ, அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. என்னைப் பார்த்துக்கிட்டு ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க."

பொன்னம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வர்றீங்களா, அப்பா?"

"சட்டையை மாத்திக்கிட்டு வர்றேன்," என்று எழுந்தார் அவர்.

*

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அணிவகுப்பு ஒத்திகை. பேச்சா என்கிற மூன்று சக்கர ரிக்ஷா ஓட்டுகிற சீனர் சந்து சந்தாகப் புகுந்து மிதித்தார். பொன்னம்மா கணவரின் கையை இறுகப் பிடித்திருந்தாள். சீதா சைக்கிளில் முன்னால் போய், "வழி விடுங்க! நோயாளி! தோலோங், தோலோங்!" என்று தமிழிலும் மலாயிலும் மாற்றி மாற்றிக் கத்தினாள். கொடி பிடித்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏதோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்து ஒதுங்கி நின்று சல்யூட் அடித்தார்கள். கலியாணசுந்தரமும் பதிலுக்கு அடித்தார்!

வெயில் தாழுமுன் ஊசி போட்டாகிவிட்டது. பாதி அளவுதான். லேசாக வியர்த்தது. நாடி கொஞ்சம் தளர்ந்து, சீக்கிரமே நிமிர்ந்தது. பெல்லமி வந்து பார்த்து, ஒன்றும் பேசாமல் சீதாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மிஸ்ஸி சந்திரமதி கலியாணசுந்தரத்தின் சட்டைக் கையை இறக்கி விட்டு, ஊசியையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு போனாள். அவர் கண்ணை மூடித் தூங்கினார்.

பக்கத்துப் படுக்கையில் தியாகு. நடுவில் ஸ்டூலில் பொன்னம்மா. வெளியே பேண்டு வாத்தியம் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தது.

அப்போது வார்டு வாசலில் ஷரீஃபுதீன் வந்து நின்றார். தலையில் தொப்பி. ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது. சீதாவுக்கு அவரை நடைக்குக் கூட்டிப்போகக்கூட நேரமில்லை.

"பின்னறைக்கு சீல் வச்சுட்டாங்க, டாக்டர்! நான் பள்ளிவாசல்லேருந்து வர்றதுக்குள்ள அதிகாரிங்க வந்துட்டுப் போயிருக்காங்க. மருந்துச் சாராயத்தை வேற காரியத்துக்கு எடுத்தேனாம். கிழங்கு, கொதிச்சு வச்சிருந்தது, எல்லாம் உள்ள கிடக்கு. என் லைசென்ஸையும் கொண்டுபோயிட்டாங்க."

சீதாவின் கை தானாகப் பைக்குள் போயிற்று. குப்பி அங்கே இருந்தது. மருந்து என்று இந்த உலகத்தில் அவளிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாரத்து மருந்துதான்.

"யாரைப் பார்த்தா திறப்பாங்க?" என்றான் தியாகு.

"இவ்வளவு நேரம் அவங்க ஆபீஸ்ல போய் அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருந்தேன், தம்பி. நாளையிலேருந்து வேற ஆளுங்களாம். யாருன்னு அவங்களுக்கே தெரியலை."

"இப்ப என்ன செய்யறது?" என்றாள் பொன்னம்மா.

"மிஸ்ஸி."

எல்லோரும் திரும்பினார்கள். கலியாணசுந்தரம் கண் விழித்திருந்தார். விட்டத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. சீதாவைத்தான் பார்த்தார்.

"நாளைக்கும் இந்த ஊசி உண்டா?"

சீதா அவருடைய கையைப் பார்த்தாள். பஞ்சில்லை. ஊசியில்லை. சட்டைக் கை மணிக்கட்டுவரை இறங்கியிருக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சாப்பிட்டதை மறக்கிற மனிதர், தூங்கி எழுந்த பிறகும் ஊசியை நினைவு வைத்திருக்கிறாரே!

"என்ன ஊசி, அப்பா?" என்று குனிந்தாள்.

"கொஞ்சம் முன்னால நீ போட்டியே," என்றார் அவர்.

இத்தனை நாள் 'நீங்க' என்றவர், 'நீ' என்றார்! பொன்னம்மா ஸ்டூலை விட்டு எழுந்தேவிட்டாள். தியாகு கட்டிலின் இரும்பை இறுகப் பிடித்தான்.

சீதாவின் உள்ளங்கையில் அந்தக் குப்பி மட்டும்தான் இருந்தது. அப்பா இன்னும் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.